மூன்று சொட்டு எண்ணெயும் 300 வெள்ளியும்

"கேன்சருக்கு மருந்து வந்திருச்சாமே தம்பி! புலனத்துல மவன் காட்டுனான். காசு கட்டலாமா?"

பத்து காஜா சந்தையில் என்னை நிறுத்திக் கேட்டார் ஓர் அக்கா. முப்பது வருஷம் பால் வெட்டிய கை. வீட்டுக்காரருக்குக் கல்லீரலில் புற்று. சின்னப் புட்டி கஞ்சா எண்ணெய், விலை 300 வெள்ளி. 'ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிட்டு, தினமும் நாக்கில் மூன்று சொட்டு' என்று செய்தியில் போட்டிருந்ததாம். இவர் நாலு நாளாக நிறுத்தியே விட்டார்!

தோட்டப்புறத் தோழர்களே, டிரஸ்ஸர் கொடுத்த கலர் தண்ணீரை எல்லா நோய்க்கும் குடித்து வளர்ந்தவர்கள் நாம். ஆஸ்பத்திரி என்றால் பயம், கைமருந்து என்றால் நம்பிக்கை. அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த நம்பிக்கையைத்தான் இந்த வியாபாரி விலை பேசுகிறான்.

கஞ்சாவின் சத்து நுரையீரல் கட்டியின் வளர்ச்சியை மெதுவாக்கியது என்று 1975-இல் அமெரிக்காவில் எழுதினார்கள். யாருக்கு? எலிக்கு! மனிதருக்குப் புற்று குணமாகும் என்று இன்றுவரை நிரூபணம் இல்லை. 2018-இல் அமெரிக்க அரசு அனுமதித்த எபிடியோலெக்ஸ் கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த மருந்துதான். ஆனால் அது அபூர்வமான வலிப்பு நோய்களுக்கு. அதையும் கல்லீரலைச் சோதித்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். அக்கா வீட்டுக்காரருக்குக் கெட்டிருப்பதே கல்லீரல்!

"சித்த வைத்தியத்துல இல்லாததா?" என்பார்கள். உண்டு. சுத்தி செய்து, மற்றச் சரக்கோடு அளவு பார்த்துச் சேர்த்தார்கள். இந்தப் புட்டியில் என்ன, எவ்வளவு என்று யார் கண்டது?

சட்டத்தையும் மறக்க வேண்டாம். கஞ்சா எண்ணெயை நோயாளிகளுக்குக் கொடுத்து வந்த 29 வயது இளைஞருக்கு 2018 ஆகஸ்டில் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீரே அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். கட்டாயத் தூக்கு 2023-இல் நீங்கியது, தூக்கே நீங்கவில்லை. கொஞ்சம் கையில் வைத்திருந்தாலும் 5 ஆண்டு வரை சிறை அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டும்கூட வரலாம். பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

"அரசாங்க ஆஸ்பத்திரியில நிபுணரைப் பார்க்க நமக்கு 5 வெள்ளிதான் அக்கா. நாளைக்கே ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போங்க. மருந்தை நிறுத்துனதையும் மறைக்காம சொல்லுங்க" என்றேன்.

தலையாட்டினார். நாலடி போய்த் திரும்பி வந்தார்.

"மவன் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிட்டானே தம்பி!"