மூடாத குழாய்

தாயின் வயிற்றில் இருக்கும்வரை சிசுவுக்கு ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாகவே வருகிறது. நுரையீரலுக்கு நிறைய ரத்தம் போக வேண்டியதில்லை. ஆகவே நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் ஒரு குறுக்குக் குழாய் உண்டு: டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ். நிறைமாதத்தில் பிறந்தால் இரண்டு மூன்று நாளில் அது சுருங்கி மூடிக்கொள்ளும். 28 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைகள் பலருக்கு மூடுவதில்லை. குழாயின் தசை முதிர்ந்திருக்காது. அதைத் தளர்த்தி வைக்கும் புரோஸ்டாகிளாண்டினின் பிடியும் விட்டிருக்காது. மூடாமல் நிற்கும் இந்தக் குழாயை டாக்டர்கள் சுருக்கமாக பி.டி.ஏ. என்பார்கள்.

பிறந்து மூச்சு விட்டதும் நுரையீரலில் அழுத்தம் இறங்கும், மகாதமனியில் ஏறும். உடலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு குழாய் வழியே நுரையீரலுக்கே திரும்பிவிடும். தலைமடைக்குப் பக்கத்தில் கரை உடைந்த வாய்க்கால்தான் இது, கடைமடை காயும்.

பெரிய இழப்பு, இதயம் இரு துடிப்புகளுக்கிடையே தளரும் நேரத்தில் நேர்கிறது. அப்போதும் மகாதமனியின் விரிந்த சுவர் மீண்டு சுருங்கி ரத்தத்தை உறுப்புகளுக்குத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் அகலமாக இருந்தால், வயிற்றுப் பக்கம் இறங்கும் மகாதமனியில் அந்த நேரத்தில் ரத்தம் மேல்நோக்கி ஓடுவதையே டாப்ளர் ஸ்கேனில் பார்க்கலாம். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் வரத்து குறையும். சிறுநீர் குறையலாம், குடல் அழுகும் ஆபத்தான நோயுடனும் இதற்குத் தொடர்பு சொல்லப்படுகிறது. மூளைக்கான கிளைகள் குழாய்க்கு முன்பே பிரிந்துவிடுகின்றன. ஆனாலும் அங்கும் இடைநேர ஓட்டம் மெலியும். வேடிக்கை என்னவென்றால், குழந்தையின் உள்ளங்கையைத் தொட்டால் நாடி துள்ளும். ரத்த அழுத்தத்தின் கீழ் எண் விழுந்துவிட்டதன் அடையாளம் அது, பலத்தின் அடையாளமல்ல.

1938இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் ஒரு சிறுமியின் குழாயைக் கட்டி மூடினார். 1976 முதல் இண்டோமெதசின் மருந்து, பிறகு இபுப்ரோஃபென், பாராசிட்டமால். இதில் ஒரு சிக்கல்: இண்டோமெதசின் சிறுநீரகம், குடல், மூளை ஆகியவற்றின் ரத்தக் குழாய்களையும் சுருக்கும். எந்த உறுப்புகளைக் காக்கக் கொடுக்கிறோமோ, அவற்றின் பங்கையே சிறிது நேரம் குறைக்கிறது.

குழாயின் அளவை மட்டும் பார்த்து மருந்துக்குப் பாய்வது சரியல்ல என்பது என் எண்ணம். நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க் மருத்துவமனைகளில் நடந்து 2023இல் அச்சான ஆய்வில், உடனே இபுப்ரோஃபென் கொடுத்ததைவிடக் காத்திருந்து கவனித்தது மோசமாக இல்லை. காத்திருப்பதென்றால் கைகட்டி நிற்பதல்ல. சிறுநீரை அளப்பார்கள், வயிற்று வீக்கத்தைத் தடவிப் பார்ப்பார்கள், டாப்ளரை மறுபடியும் வைப்பார்கள்.