டிராக் டே-க்கு செமி-ஸ்லிக் டயர் வாங்கணுமா?

எண்ணூர்ல இருந்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு ஸ்போர்ட்ஸ் கார்ல போறீங்க. சாயங்காலம் அதே டயர்லதான் வீடு திரும்பணும்.

டயர் பக்கவாட்டுல 'டிரெட்வேர்' எண்ணைப் பாருங்க. 200, அதுக்கும் கீழேன்னா பிடிப்பு ஜாஸ்தி, ஆனா சீக்கிரம் தேயும். செமி-ஸ்லிக்ல தண்ணி வெளியேற வரிப்பள்ளமும் கம்மி. மழை நாள்ல எண்ணூர் விரைவுச் சாலையில கன்டெய்னர் லாரி பக்கத்துல வழுக்கினா புரியும். (1946-ல பலூன் செஞ்சு எம்ஆர்எஃப் பிறந்த திருவொற்றியூர்க்காரங்களுக்கு நான் டயர் பாடம் எடுக்கிறேன்!) முதல் வருஷத்துக்கு 300 போதும். தயாரிப்பு வாரமும் முக்கியம்: 2324-ன்னா 2024-ல 23-வது வாரம். பழைய ஸ்டாக்னா தள்ளுபடி குடுத்தாலும் வேண்டாம்.

பெரிய செலவு டயர் இல்லீங்க. ரேஸ், வேகச் சோதனையில அடிபட்டா சாதாரண கார் இன்ஷூரன்ஸ்ல கிளெய்ம் கிடையாது. பாலிசியில அந்த வரியைப் படிச்சுட்டு டிராக் டே-க்குப் பணம் கட்டுங்க.