அரோவானா வளர்க்க ஆசையா? மீனுக்கு முன்னாடி தொட்டியை வாங்குங்க!

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில், விரல் நீளத்தில் வெள்ளியாக மின்னும் அரோவானா குஞ்சைப் பார்த்தால் கை தானாகவே பர்ஸுக்குப் போகும். 'சின்ன மீன்தானே, ரெண்டடி தொட்டி போதும், பெருசானா பாத்துக்கலாம்' என்று வாங்கினால், சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எவ்வளவு பெருசாகும்?

பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது சில்வர் அரோவானா. அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இந்த மீன் சுமார் 90 செ.மீ. வரை வளரும். வீட்டுத் தொட்டியிலும் 2 அடியைத் தாண்டும். நன்றாகச் சாப்பிட்டால் முதல் வருடத்திலேயே ஓர் அடியைக் கடந்துவிடும். 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

ஆகவே, குறைந்தது 6 அடி நீளம், 2 அடி அகலம் உள்ள தொட்டி தேவை. அகலம் குறைந்தால் மீனால் சரியாகத் திரும்ப முடியாது. உயரமும் 2 அடி என்றால் தண்ணீர் மட்டும் சுமார் 680 லிட்டர், அதாவது 680 கிலோ. கண்ணாடி, ஸ்டாண்ட் எடை தனி. வாடகை வீடு, மாடி ஃபிளாட் என்றால், தளம் தாங்குமா என்று பொறியாளரிடமும், வைக்கலாமா என்று ஹவுஸ் ஓனரிடமும் முதலில் கேளுங்கள்.

தண்ணீர் ரெடியா?

மீன் கழிவிலிருந்து உருவாகும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீனை விட வேண்டும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம். வெப்பநிலை 24 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். கரன்ட் கட் ஆனால் கைகொடுக்க, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

மூடி ஏன் முக்கியம்?

தண்ணீருக்கு மேலே கிளையில் இருக்கும் பூச்சியைத் தாவிப் பிடிப்பது இந்த மீனின் இயல்பு. 'தண்ணீர்க் குரங்கு' என்ற பட்டப்பெயரே உண்டு. மூடியில்லாத தொட்டியில் வளர்த்தால், ஒருநாள் காலையில் தரையில்தான் பார்க்க நேரிடும். கனமான மூடி போடுங்கள். ஃபில்டர் குழாய் போகும் இடைவெளியையும் அடையுங்கள்.

என்ன கொடுக்கலாம்?

வாய் மேல்நோக்கி அமைந்திருப்பதால், மிதக்கும் உணவையே அதிகம் விரும்பும். மிதக்கும் பெல்லட், ஓடு நீக்கிய இறால், கடையில் கிடைக்கும் வளர்ப்புப் பூச்சிகள் கொடுக்கலாம். உயிருள்ள கோல்ட்ஃபிஷ் வேண்டாம். அதன் மூலம் நோய் வரலாம், அதையே தொடர்ந்து கொடுத்தால் வைட்டமின் பி1 பற்றாக்குறையும் ஏற்படும். வீட்டில் பிடித்த கரப்பான்பூச்சியும் வேண்டாம், அதில் மருந்து அடித்த விஷம் இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சில்வர் அரோவானா, 'சைட்டீஸ்' சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் விலை உயர்ந்த ஆசிய அரோவானா, அதிகபட்சப் பாதுகாப்புள்ள முதல் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்தின்படி, அதை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கான ஆன்லைன் தளம் 'பரிவேஷ்'. முறையான ஆவணம் இல்லாமல் வாங்காதீர்கள்.

வளர்க்க முடியலைனா?

ஏரி, குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்குள்ள சின்ன மீன்களை இது வேட்டையாடும். கடைக்காரரிடமோ, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ ஒப்படையுங்கள். 6 அடித் தொட்டிக்கு இப்போது இடமில்லை என்றால், கப்பியிலிருந்து தொடங்கலாம். அரோவானாவைச் சொந்த வீட்டுக்குப் போன பிறகுகூட வாங்கிக்கொள்ளலாம்.