கைத்தடியில் டார்ச் லைட்



போன வருஷம் அறிவியல் கண்காட்சியில் நான் வைத்த கைத்தடி ஞாபகம் இருக்கிறதா? அடியில் டார்ச் லைட், பிடியில் சுவிட்ச். பரிசுகூடக் கிடைத்தது. கண் சரியாகத் தெரியாத என் அப்பத்தாவுக்காகத்தான் அதைச் செய்தேன். அப்பத்தா ரெண்டு நாள் வைத்திருந்துவிட்டு மூலையில் சாத்திவிட்டது. "வெளிச்சம் பட்டா கண்ணு கூசுதுய்யா" என்றது. கண்ணில் புரை விழுந்தால் லென்ஸ் கலங்கிப் போகும். உள்ளே போகும் வெளிச்சம் சிதறும், அதனால் கூசும். முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பேட்டரிக் காசாவது மிஞ்சியிருக்கும்!

டிசைன் என்றால் சேலைக்கரை, கோலம் என்றுதான் நினைத்திருந்தேன். யாருக்குச் செய்கிறோமோ அவர் இடத்தில் இருந்து யோசித்துச் செய்வதுதான் டிசைன் என்று இப்போது தெரிகிறது. பொருள் மட்டும் இல்லை, ஆஸ்பத்திரியைக்கூட அப்படி வடிவமைக்கலாம்.

டாக்டர் வெங்கடசாமி 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே ஆபரேஷன் செய்யப் பழகினவர். கஷ்டப்பட்டவருக்குத்தான் அடுத்தவர் கஷ்டம் புரியும் போல.

புரைக்கு இலவச ஆபரேஷன் என்று சொல்லியும் கிராமத்தில் நிறையப் பேர் வரவில்லை. நாமாக இருந்தால், "பட்டிக்காட்டு ஜனங்க, பயம்" என்று சொல்லி விட்டிருப்போம். அவர்கள் வராதவர்களிடமே விசாரித்தார்கள். பஸ்ஸுக்குக் காசு இல்லை. போன இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? துணைக்கு ஆள் வந்தால் அவருக்கும் கூலி போச்சு. ஆக, ஆபரேஷன்தான் இலவசம், போய் வருவது இலவசம் இல்லை! அதன் பிறகு முகாமில் இருந்தே பஸ்ஸில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, திரும்பவும் கொண்டுவந்து விட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போவதால் ஒருத்தருக்கு ஒருத்தர் துணை.

லென்ஸ் கதையும் இப்படித்தான். முன்பெல்லாம் ஆபரேஷன் முடிந்தால் சோடாபுட்டிக் கண்ணாடி போட வேண்டும். வயலில் வேலை பார்க்கிறவர் அதைக் கீழே போட்டு உடைத்தால் மறுபடி எல்லாம் மங்கல். கண்ணுக்குள்ளேயே வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு, விலை எட்டாது. 1992ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி அதை இங்கேயே மலிவாகச் செய்தார்கள். தேனியிலும் 1985ல் இருந்து அவர்கள் ஆஸ்பத்திரி இருக்கிறது.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அப்பத்தா ஆபரேஷன் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பயம் என்றார் அப்பா. போன வாரம் நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் அப்பத்தா?" என்று கேட்டேன். "ரெண்டு ஆடும் குட்டி போட்டுருக்கு. நான் போயிட்டா யாருய்யா பாப்பா?" என்றது. அவ்வளவுதான் விஷயம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முகாம். ஆட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன், அப்பத்தாவும் சரி என்றுவிட்டது. ஆனால் எனக்கு ஆடு மேய்க்கத் தெரியாது. வராகநதிப் பக்கம் ஆடு ஓட்டிப் பழக்கம் உள்ள தென்கரை நண்பர்கள் யாராவது இருந்தால் சனிக்கிழமைக்குள் என்னை வந்து பார்க்கவும்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு