சிமுலேட்டர் திக்குதா? கார்டு வாங்குறதுக்கு முன்னாடி
ஹீத்ரோல இறங்கும்போது மட்டும் படம் திக்குதாம், அதுக்காகப் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போறாராம் ஒரு நண்பர். கொஞ்சம் பொறுங்க பாஸ்.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-ல டெவலப்பர் மோடை ஆன் பண்ணி, எஃப்பிஎஸ் கட்டத்தைத் திறங்க. தடை ‘மெயின் த்ரெட்’னு காட்டினா, திணறுறது சிபியு. ஒரு ஃபிரேமுக்கான முக்கியமான கணக்கெல்லாம் அந்த ஒரே த்ரெட்லதான் ஓடுது. 30 எஃப்பிஎஸ் வேணும்னா அது 33 மில்லிசெகண்டுக்குள்ள முடியணும். முடியலைன்னா, எவ்வளவு விலை கொடுத்து வாங்கின கார்டும் சும்மா காத்துக்கிட்டுத்தான் இருக்கும். ரெசல்யூஷனைக் குறைச்சுப் பாருங்க. எஃப்பிஎஸ் ஏறலைன்னா சந்தேகமே வேண்டாம்.

டெரெய்ன் டீடெயிலை 200-லிருந்து 100-க்கு இறக்குங்க, ஏர்போர்ட் டிராஃபிக்கைக் குறைங்க. தடை ஜிபியுன்னு காட்டினா மட்டும் கார்டு பத்திப் பேசலாம். அப்பவும் முதல்ல ரெண்டர் ஸ்கேலிங்கைத் தொட்டுப் பாருங்க, அது இலவசம்!