பேட்டரி டிரில்லா, வயர் டிரில்லா?

மைக்கின் முன் பேசுவது என் தொழில். சுவரில் ஓட்டை போடுவது இல்லை. ஆனாலும் சென்ற தீபாவளிக்கு முந்தின வாரம், சுங்கை பட்டாணியில் எங்கள் தாமான் வீட்டு ஹாலில் புதுத் திரைச்சீலைக் கம்பியை நானே மாட்டுவதென்று ஏணியில் ஏறிவிட்டேன். கையில் புதிதாக வாங்கிய 12 வோல்ட் பேட்டரி டிரில். அரை சென்டிமீட்டர் உள்ளே போனது. அதற்கு மேல் அசையவில்லை. டிரில் முனை சூடேறிக் கருத்துப்போனதுதான் மிச்சம்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "பலகைச் சுவருன்னு நெனச்சியாம்மா?"

அப்பா பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பலகை வீட்டில் வளர்ந்தவர். சாமி படம் மாட்ட ஒரு சுத்தியலும் இரண்டு ஆணியும் போதும். அந்நாளில் மின்சாரமே மாலையில் சில மணி நேரம், தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும்போதுதான். தாமானுக்குக் குடிவந்த பிறகு சுவர் மாறிவிட்டது. செங்கல், அதன்மேல் சிமெண்டுப் பூச்சு. ஜன்னலுக்கு நேர்மேலே மட்டும் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் விட்டம். திரைச்சீலைக் கம்பி மாட்டும் இடம் சரியாக அதுதான்!

சாதாரண டிரில் சுழல மட்டுமே செய்யும். ஹேமர் டிரில் சுழன்றுகொண்டே தட்டவும் செய்யும். கான்கிரீட்டுக்கு அந்தத் தட்டல் வேண்டும். பக்கத்து வீட்டு அங்கிளிடம் வயர் ஹேமர் டிரில்லை இரவல் வாங்கினோம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

அப்படியானால் பேட்டரி டிரில் வீண்செலவா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 36 வாட் மணி மின்சாரம். வயர் டிரில்லின் 600 வாட் வேகத்தில் அதைச் செலவழித்தால் நான்கு நிமிடம்கூடத் தாங்காது. ஆனால் அலமாரி பொருத்த, கதவுக் கீலை இறுக்க, மரத்தில் ஸ்குரு முடுக்க அவ்வளவு சக்தி தேவையே இல்லை. ஏணி உச்சியிலும், பிளக் எட்டாத கேட் பக்கத்திலும் வயர் இல்லாததுதான் பெரிய நிம்மதி.

கடையில் 18, 20, 21 வோல்ட் என்று மூன்று விதமாக எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மூன்றிலும் பெரும்பாலும் ஐந்து லித்தியம் செல்கள்தான் வரிசையாக இருக்கும். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18, முழுச் சார்ஜில் 4.2 என்றால் 21. இணையத்தில் விற்கும் சில மலிவுக் கருவிகளில் '48விஎஃப்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது 48 வோல்ட் அல்ல.

நம்மில் பலர் யோசிக்காதது, பேட்டரி சும்மா இருந்தாலும் மூப்படையும் என்பதை. எங்கள் வீட்டில் டிரில் வெளியே வருவது ஆண்டுக்கு மூன்று முறை. சார்ஜ் முழுக்க இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் ஸ்டோரில் கிடந்தால், அடுத்த தீபாவளிக்கு அது சார்ஜே ஏறாமல் போகலாம். பாதிச் சார்ஜில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். வாங்கும் முன் தனி பேட்டரியின் விலையையும் கேட்டுவிடுங்கள். பல சமயம் அதைக் கேட்டதும் மனம் மாறிவிடும். வயர் டிரில்லுக்கு இந்தக் கவலை இல்லை. பத்து வருடம் கழித்து எடுத்தாலும் ஓடும்.

வயர் டிரில்லில் கவலை வேறு. கழுவிய கார் போர்ச்சில் செருப்பில்லாமல் நின்று அதைப் பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையில் பிடித்து இயக்கும் கருவிகளின் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறை. உங்கள் வீட்டு மின்பெட்டியில் 'டெஸ்ட்' பட்டன் உள்ள சுவிட்சைப் பாருங்கள். 0.03 என்றிருந்தால் நல்லது. பழைய வீடுகளில் 0.1, அதாவது 100 மில்லி ஆம்பியர் மட்டும் இருக்கலாம். அப்படியானால் வயர்மேனைக் கூப்பிடுங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தியும் 'டிரிப்' ஆகாவிட்டால், அன்றைக்கு டிரில்லைத் தொடவே வேண்டாம். நீட்டிப்பு வயரில் சிரிம் முத்திரை இருக்கட்டும். சுருட்டியபடியே பயன்படுத்தினால் சூடேறும், முழுக்கப் பிரித்துவிடுங்கள்.

எந்த டிரில்லானாலும் சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள். உள்ளே வயர் ஓடும்.

கடைசியில் நாங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டோம், ஒன்றைப் பங்குபோட்டு. சின்ன பேட்டரி டிரில் எனக்கு. வயர் ஹேமர் டிரில்லை அண்ணன், சித்தப்பா, நான் மூவரும் சேர்ந்து வாங்கினோம். இப்போது அது லூனாஸில் சித்தப்பா வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்குள் திருப்பித் தருவதாகச் சொன்னார். எந்தப் பொங்கல் என்றுதான் சொல்லவில்லை.