மூலமும் கால் நரம்புச் சுருளும்

மூலநோயும், காலில் நரம்பு சுருண்டு புடைக்கும் வெரிகோஸ் வெயினும் ஒருவருக்கே சேர்ந்து வருவது அபூர்வமல்ல. இரண்டிலும் ரத்தக் குழாய்கள் வீங்குகின்றன. இரண்டும் வயது ஏற ஏறக் கூடுகின்றன, கர்ப்ப காலத்தில் தலைகாட்டுகின்றன, பல குடும்பங்களில் பரம்பரையாகவும் வருகின்றன. ஒன்று மற்றொன்றைக் கொண்டுவருகிறதா, இரண்டுக்கும் வேர் ஒன்றுதானா என்று மருத்துவம் நெடுநாளாகக் கேட்டுவருகிறது. இதுவரை தெரிந்ததை வைத்துச் சொன்னால், சில சூழல்களில் ஒரே அழுத்தம் இரண்டையும் தூண்டுகிறது. ஆனால் நோய்கள் வெவ்வேறு.

இந்தக் கேள்வியைக் கடலூர் மாவட்டத்தில் வைத்துப் பார்ப்பது பொருத்தம். நெல்லிக்குப்பத்தில் 1842இல் தொடங்கிய சர்க்கரை ஆலை உண்டு. அதே மாவட்டத்து நெய்வேலியில் 1956 முதல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் இயங்குகிறது. ஆலையிலும் சுரங்கத்திலும் ஷிஃப்ட் வேலை. ஆலைக்குக் கரும்பு வெட்டி, கட்டு கட்டி, வண்டியில் ஏற்றுபவர்களுக்கோ நாள் முழுக்க நிற்பதும் குனிவதும் சுமப்பதும்தான். வெயிலில் வியர்த்துக் கொட்டும் உடம்புக்குத் தண்ணீர் போதாவிட்டால் மலம் இறுகும். ஒதுங்க இடமில்லாத வயலில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது ஊரறிந்த விஷயம். காலுக்கான சுமையும் ஆசனவாய்க்கான சுமையும் ஒரே வேலைநாளில் சேர்ந்துவிடுகின்றன.

பாதத்து ரத்தம் இதயத்தை நோக்கி மேலே ஏறியாக வேண்டும். ஏறிய ரத்தம் திரும்பி இறங்காமல், பேச்சில் நரம்பு என்று சொல்லப்படும் சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் கெண்டைக்கால் தசை இறுகி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம் இருக்கும். நடக்கத் தொடங்கினால் அது 30 அளவுக்கு இறங்கிவிடும். வால்வு தளர்ந்தவருக்கு நடந்தாலும் அவ்வளவு இறங்குவதில்லை. மாலையானால் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும், இரவில் கெண்டை பிடித்து இழுக்கும். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் கணுக்காலின் உட்புறத்தில் தோல் கறுத்து, அரித்து, ஆறாத புண்ணாகும். நின்றே வேலை செய்வதால் மட்டும் இது வருவதில்லை. பரம்பரையாகவே வலுவற்ற வால்வை நிற்கும் வேலை மேலும் கெடுக்கிறது என்பதே சரி.

மூலத்தின் கதை வேறு. ஆசனவாயின் உட்புறத்தில் எல்லாருக்கும் பிறவியிலேயே மெத்தை போன்ற மூன்று திசுத் திரட்சிகள் இருக்கின்றன. ரத்தக் குழாய்களும் தசை இழைகளும் சேர்ந்த இவை, காற்றும் நீரும் கசியாமல் வாயை அடைத்துக்கொள்ள உதவுகின்றன. மூலம் என்பது ஆசனவாயில் உண்டாகும் வெரிகோஸ் வெயின்தான் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே பரவலாகக் கருதினார்கள். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் டபிள்யூ. எச். எஃப். தாம்சன் 1975இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கருத்தை அசைத்தது. திரட்சிகளைப் பிடித்து நிறுத்தும் இழைகள் தளர்ந்து, அவை கீழே சரிவதே மூலம் என்று அவர் விளக்கினார். இங்கே வால்வு பழுதாகும் கதையே இல்லை. திரட்சிக்குள் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்திருப்பதால்தான் மூலத்தில் வரும் ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கிறது.

மூலம் வெறும் சிரைப் புடைப்பு அல்ல என்பதற்குக் கல்லீரல் நோயாளிகளிடம் இன்னொரு சான்று கிடைக்கிறது. கல்லீரல் சுருங்கியவர்களுக்குக் குடலிலிருந்து வரும் சிரைகளில் அழுத்தம் கடுமையாக ஏறும். அப்போது மலக்குடலில் சிரைகள் புடைப்பதுண்டு. அது மூலம் அல்ல, அதற்குரிய சிகிச்சையும் வேறு. சிரை அழுத்தம் மட்டுமே மூலத்தை உண்டாக்கும் என்றால் இவர்கள் எல்லாருக்கும் மூலம் வந்திருக்க வேண்டும்.

இரண்டு நோய்களையும் ஒரே கயிற்றில் கட்டிய முயற்சிகளில் பெரிதாகப் பேசப்பட்டது டெனிஸ் பர்கிட் என்ற மருத்துவருடையது. உகாண்டாவில் பல ஆண்டுகள் பணியாற்றிய அவர், நார்ச்சத்துள்ள உணவு உண்ணும் ஆப்பிரிக்கக் கிராமத்தாரிடம் இந்த நோய்கள் அரிதாக இருப்பதைக் கவனித்தார். நார்ச்சத்து குறைந்தால் மலம் இறுகும், முக்க வேண்டிவரும், முக்கினால் வயிற்றழுத்தம் ஏறும், அது காலிலும் ஆசனவாயிலும் சிரைகளைப் புடைக்கவைக்கும் என்று 1972இல் எழுதினார். மூலத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் பயன் இருந்தது. நார்ச்சத்தைக் கூட்டுவதே இன்றும் முதல் சிகிச்சை. கால் சிரையைப் பொறுத்தவரை அவர் கூற்று உறுதிப்படவில்லை. எடின்பரோவில் 18 முதல் 64 வயது வரையுள்ள 1,566 பேரைப் பரிசோதித்து 1999இல் வெளியான ஆய்வில், பெரிய சிரைகளின் புடைப்பு ஆண்களில் 40 சதவீதம் பேருக்கும் பெண்களில் 32 சதவீதம் பேருக்கும் இருந்தது. இவ்வளவு பரவலான ஒரு நோயும், அதே அளவு சாதாரணமான மூலமும் தற்செயலாகவே பலரிடம் சேர்ந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

உண்மையான தொடர்பு தெரியும் இடம் இடுப்புக்குழி. கர்ப்ப காலத்தில் உடலின் ரத்த அளவு கூடுகிறது; ஹார்மோன்களால் சிரைச் சுவர் தளர்கிறது; வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது; மலச்சிக்கலும் சேர்கிறது. காலில் நீல நரம்புகளும் ஆசனவாயில் வலியும் ஒரே மாதத்தில் தொடங்குவது இதனால்தான். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பலருக்கு இரண்டும் குறைந்துவிடும். சில பெண்களுக்கு இடுப்புச் சிரைகளின் வால்வுகள் அதன் பிறகும் சரியாகாமல், ரத்தம் பின்னோக்கி வழிந்துகொண்டே இருக்கும். நெடுநேரம் நின்றால் அடிவயிறு இழுத்து வலிப்பதும், தொடையின் உட்புறத்திலும் பிறப்புறுப்பருகிலும் சிரைகள் புடைப்பதும் அதன் அடையாளம். கால் சிரைக்குச் சிகிச்சை எடுத்தும் மீண்டும் மீண்டும் புடைப்பவர்களுக்கு இடுப்பையும் ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது.

டயோஸ்மின் கலந்த மாத்திரையை இரண்டு நோய்க்குமே எழுதித் தருகிறார்கள். அதைப் பார்த்து நோய் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. சிரைச் சுவரின் தளர்ச்சியையும் வீக்கத்தையும் ஓரளவு குறைப்பதால் இரு இடத்திலும் அது உதவுகிறது, அவ்வளவுதான். காலுக்கு லேசர் செய்துகொண்டால் மூலம் சுருங்கிவிடாது. மூலத்துக்கு ரப்பர் வளையம் போட்டால் கால் வீக்கம் வடியாது. கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் நம் சமையலில் மூலத்துக்கென்றே பெயர்பெற்றவை; நார்ச்சத்துக்காக அவற்றைச் சாப்பிடலாம், வால்வை அவை சரிசெய்யாது.

ஒரு விஷயத்தில் அலட்சியம் உயிருக்கே ஆபத்து. மலத்தில் ரத்தம் வந்தால் ‘மூலம்தான்’ என்று தானே முடிவுகட்டி, பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் ‘மூலம், பவுத்திரம்’ விளம்பரத்தைப் பார்த்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கலாம். நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கால் சிரை வெடித்து ரத்தம் பீறிட்டால், உடனே படுத்து, காலை உயர்த்தி, துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடி உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும்.

நிற்கும் வேலையின் கேட்டைச் சட்டமும் ஒத்துக்கொண்டிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்பவர்களுக்கு இடையிடையே உட்கார வசதி தரச் சொன்னது. கடை ஊழியர்களுக்கு அந்த உரிமையைக் கேரளம் 2018இல் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கொடுத்தது. சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்த அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசன், கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடியிலிருந்து தேர்வானவர். கரும்பு வயல் இந்தச் சட்டங்களுக்கு வெளியே இருக்கிறது. வெட்டாட்களை அமர்த்துவோர் சட்டத்துக்காகக் காத்திராமல், குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க இடமும் நிழலில் சற்றுக் காலை நீட்டி உட்கார நேரமும் தர வேண்டும்.